மோட்டார்காரர் கொடுத்த மைதானம்

"அசையாதீங்கப்பா, கிழிச்சிடும்" என்றாள் மகள்.

ஒரு கன்னம் முடிந்திருந்தது. மறு கன்னத்தில் சோப்பு நுரை காயத் தொடங்கியிருந்தது. நான்கு நாளாகப் படுத்த படுக்கையாகக் கிடந்தவர், அன்று காலையில் கண் விழித்ததும் முதலில் கேட்டது சவரம்தான். தண்ணீர்கூடக் கேட்கவில்லை. படகுத்துறையில் டிக்கெட் கிழித்துப் பழகிய கை அவளுடையது. கத்தி பிடித்துப் பழக்கமில்லை. தாடை எலும்பு துருத்திக்கொண்டிருந்த இடத்தில் பிளேடை மெல்ல மெல்ல நகர்த்தினாள்.

"என்னை மைதானத்துக்குக் கொண்டு போவாங்க" என்றார் அப்பா.

"எங்கேயும் கொண்டு போகல. பேசாம இருங்க."

"விசில்காரன் வருவான். பந்தல், மைக்குன்னு குதிப்பான். கூடாதுன்னு சொல்லிடு. வீட்டுலேர்ந்தே எடுத்திடுங்க."

அவள் பிளேடை எடுத்துக் கிண்ணத்துத் தண்ணீரில் அலசினாள். அவர் சொல்வது என்னவென்று புரிந்துவிட்டது. புரியாதவள் போலவே, "ஏன்ப்பா, அது நீங்க குடுத்த இடம்தானே?" என்று கேட்டாள்.

அப்பா சுவரைப் பார்த்தார். சுவருக்கு அந்தப் பக்கம் அம்மா பாத்திரம் தேய்க்கும் சத்தம் கேட்டது.

"அங்க வெச்சா உங்கம்மா வர மாட்டா."

நாற்பத்தொரு வருடத்தில் அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத வார்த்தை அது. மகளுக்குக் கை நின்றுவிட்டது. அப்பா தானாகவே கன்னத்தைத் திருப்பிக் கொடுத்தார். "ம், முடி" என்றார். அவள் முடித்தாள். ஈரத் துண்டால் துடைத்துவிடும்போது அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு இன்னொன்றும் சொன்னார்.

"நான் அவகிட்டக் கேக்கலம்மா. கேட்டிருந்தா குடுத்திருப்பா."

அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. பத்து மணி வாக்கில் மூச்சு இழுத்து இழுத்து வந்தது. அம்மாவைக் கூப்பிடலாமென்று மகள் எழுந்தபோது அம்மா ஏற்கெனவே வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள். கையில் சோப்பு ஈரம். அருகில் வந்து, அவர் காதுமடலுக்குப் பின்னால் ஒட்டியிருந்த நுரையைக் கட்டைவிரலால் வழித்து எடுத்தாள். அது போதுமென்பதுபோல மூச்சு நின்றது.

"சவரம் பண்ணி விட்டியா?" என்று கேட்டாள் அம்மா.

"கேட்டாரும்மா."

"நல்லதாப் போச்சு" என்றாள். பிறகு போய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

தீவில் அப்பாவை மோட்டார்காரர் என்றுதான் சொல்வார்கள். படகு எஞ்சின் எது நின்றாலும் ஆள் அனுப்பிக் கூப்பிடுவார்கள். எந்த எஞ்சினையும் காது வைத்துக் கேட்டே என்ன கோளாறென்று சொல்லிவிடுவார். ஆனால் அவருக்குப் பெரிய பெயர் வந்தது எஞ்சினால் இல்லை, மைதானத்தால்.

மகளுக்கு ஆறு வயதிருக்கும்போது ஒரு புயலில் இரண்டு படகுகள் கவிழ்ந்து ஒன்பது பேர் செத்துப்போனார்கள். ஒன்பது உடலையும் கிடத்த ஊரில் ஒரு பொது இடம் இல்லை. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் தனியார் தோட்டம், நடுவில் வண்டிப்பாதை. படகுத்துறைப் பலகைமேல் வரிசையாகப் படுக்க வைத்தார்கள். மழை நிற்கவில்லை. அழுவதற்கு வந்தவர்கள் ஒருவர் முதுகை ஒருவர் இடித்துக்கொண்டு நின்றார்கள். ஒரு கிழவர் கால் வழுக்கித் தண்ணீரில் விழுந்து, அவரைத் தூக்குவதற்காகச் சாவுச் சடங்கையே நிறுத்த வேண்டியதாயிற்று. அடுத்த வாரம் பள்ளிக்கூடத்தில் கூட்டம் போட்டார்கள். ஊர் கூடுவதற்கு ஓர் இடம் வேண்டும், யாராவது மனசு வைத்தால்தான் உண்டு என்று தலைமையாசிரியர் பேசினார். எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். அப்போது அப்பா எழுந்து நின்று, "என் நிலத்தைத் தர்றேன், எடுத்துக்கோங்க" என்றார்.

அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து வீட்டு வாசலில் இறக்கினார்கள். மகளுக்கு அது நன்றாக ஞாபகமிருக்கிறது. அப்பாவின் முகம் அப்படி மலர்ந்து அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. கூட்டம் கலைந்த பிறகு அம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"எந்த நிலம்?"

"நம்ம நிலம்தான்" என்றார் அப்பா.

"நம்ம நிலமா" என்றாள் அம்மா. பிறகு சாப்பாடு எடுத்து வைத்தாள்.

அது அம்மாவின் அப்பா அம்மாவுக்கு எழுதி வைத்த நிலம். இரண்டு ஏக்கர், ஒரு கிணறு. வெங்காயமும் தக்காளியும் பூசணியும் போட்டு, கூடையில் சுமந்து போய்ப் படகில் ஏற்றுவாள். பதினைந்து நாள் கழித்துப் பத்திரத்தை நீட்டினார்கள். மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டாள். ஊரே கைதட்டி முடித்த பிறகு போடாமல் என்ன செய்வாள்? அதற்கடுத்த மாதம் ஐஸ் பாக்டரியில் மீன் பெட்டி கட்டும் வேலைக்குச் சேர்ந்தாள். இருபத்திரண்டு வருடம். இப்போது அவள் விரல்கள் முழுதாக மடங்காது. டம்ளரை இரண்டு உள்ளங்கையாலும் அணைத்துத்தான் தூக்குவாள்.

புருஷனோடு அவள் சண்டை போடவில்லை. முகம் கொடுத்துப் பேசினாள், சிரித்தாள், காய்ச்சலென்றால் பத்துப் போட்டாள். மைதானத்தில் மட்டும் கால் வைக்கவில்லை. படகுத்துறைக்கு மைதானம் வழியாகப் போனால் ஐந்து நிமிடம். அம்மா கடலோரமாகச் சுற்றிக்கொண்டு போவாள், இருபது நிமிடம். கேட்டால், "காத்து வாங்கிக்கிட்டுப் போறேன்" என்பாள்.

ஊருக்கு அந்த மைதானம் இல்லாமல் ஆகாது என்று ஆகிவிட்டது. கல்யாணம் அங்கே, கூட்டம் அங்கே, தடுப்பூசி முகாம் அங்கே. ஒரு வருடம் கடல் ஏறி வந்தபோது அறுபது குடும்பம் மூன்று மாதம் கூடாரம் போட்டு அங்கேதான் இருந்தது. அந்த மூன்று மாதமும் அம்மா தினமும் ஒரு பானை கஞ்சி காய்ச்சி, மைதானத்து வேலிக்கு வெளியே நின்று கொடுத்துவிட்டு வந்தாள்.

மகள் பதினொரு வயதிலிருந்து பதினாறு வரை அந்த மைதானத்தில் நடக்கும் பள்ளி ஓட்டப்பந்தயத்தில் முதலாவதாக வந்தவள். தீவு மொத்தமும் கத்தும். அம்மா மட்டும் இருக்க மாட்டாள். தட்டோ கோப்பையோ வாங்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடி வந்தால், "அப்படியா, கால் கழுவிட்டு வா" என்பாள். அந்தக் கோபம் மகளுக்கு ஆறவேயில்லை. கொடுத்த அப்பா பெரிய மனசுக்காரர், அதை மனசில் வைத்துக்கொண்டே இருக்கும் அம்மா கல்நெஞ்சக்காரி. நாற்பது வருடமாக அவள் கணக்கு அதுதான். இன்று காலையில் அப்பா அவள் மணிக்கட்டைப் பிடிக்கிறவரை.

விசில்காரர் பதினொன்றரைக்கே வந்துவிட்டார். மைதானத்தில் எந்த விளையாட்டு நடந்தாலும் நடுவர் அவர்தான். அறுபத்தைந்து வயதிலும் கழுத்தில் விசில் தொங்கும். அன்று அதைச் சட்டைக்குள் போட்டிருந்தார். அப்பாவின் காலருகே நின்று குலுங்கிக் குலுங்கி அழுதார். அழுது முடித்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு வேலையில் இறங்கினார்.

"நாளைக்குக் காலைல பத்து மணிக்கு மைதானத்துல வைக்கிறோம். பந்தல் சொல்லியாச்சு. பள்ளிக்கூடத்துலேர்ந்து நாற்காலி வருது. அக்கரையிலேர்ந்து ஆளுங்க வர்றதுக்குப் படகு ரெண்டு நடை கூடுதலா ஓடும். நீ ஒண்ணும் கவலைப்படாதேம்மா."

மகள் வாயைத் திறந்தாள். என்ன சொல்வது? அப்பா வேண்டாமென்றார் என்றால் ஏன் என்று கேட்பார்கள். அதற்குப் பதில் சொன்னால் நாற்பது வருடப் பெயர் போய்விடும், அதுவும் அவர் கட்டிலில் கிடக்கும்போதே. சொல்லாமல் விட்டால் நாளைக்கு ஊர் சூழ அவர் கிடப்பார், பெண்டாட்டி இல்லாமல்.

"வீட்டுலேர்ந்தே எடுத்திடலாமே மாமா" என்றாள்.

"என்னம்மா பேசுற? இந்த வாசல்ல இருபது பேர் நிக்க முடியுமா? முந்நூறு பேர் வருவாங்க. அந்த மனுஷனுக்கு இதுகூடச் செய்யலேன்னா நாங்கல்லாம் என்ன மனுஷங்க?"

"அதுக்கில்ல..."

"நீ சும்மா இரு. நாங்க பாத்துக்கறோம்."

மாலையில் வந்தவர்கள் குறைந்து வீடு அடங்கியது. படகுத் தச்சர் சவப்பெட்டியை முடித்துக் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனார். புதுப் பலகை வாசனை கூடமெங்கும் பரவியது. அம்மா சமையலறையில் தரையில் கால் நீட்டி உட்கார்ந்து, அப்பாவின் வெள்ளைச் சட்டையில் விழுந்துபோன பொத்தானைத் தைக்க முயன்றுகொண்டிருந்தாள். ஊசி விரலில் நிற்கவில்லை.

"குடும்மா, நான் தைக்கிறேன்."

அம்மா கொடுத்துவிட்டாள். மகள் ஊசியில் நூல் கோத்தாள். தலையைக் குனிந்தபடியே கேட்டாள்.

"அப்பாவ நாளைக்கு மைதானத்துல வைக்கலாமா?"

"எல்லா ஏற்பாடும் முடிஞ்சிடுச்சுன்னு சொன்னாங்களே."

"முடிஞ்சிடுச்சு. ஆனாலும் கேக்குறேன். நீ வேண்டாம்னா வேண்டாம்."

அடுப்பில் சுடுதண்ணீர் கொதித்து மூடியை ஆட்டியது.

"யாரு கேக்கச் சொன்னது? அவரா?"

ஆமாம் என்று சொல்லிவிடலாம். அந்த ஒரு பொய்யில் எல்லாம் சரியாகிவிடும்போல இருந்தது. சொல்ல நா வரவில்லை.

"இல்ல. அங்க வேண்டாம்னுதான் சொன்னார். வெச்சா நீ வர மாட்டேன்னார்."

"ம்."

"இன்னொண்ணும் சொன்னார். 'நான் அவகிட்டக் கேக்கல, கேட்டிருந்தா குடுத்திருப்பா'ன்னார்."

அம்மா எழுந்து போய் அடுப்பை அணைத்தாள். திரும்பி வராமல் அங்கேயே நின்றாள். முதுகு மட்டும் தெரிந்தது.

"குடுத்திருப்பேன்" என்றாள். "மழைல அந்த ஒம்பது பேரையும் நானும்தான் பாத்தேன். அதுல ஒருத்தி எனக்கு வெங்காய நாத்துக் குடுத்தவ." திரும்பாமலே தொடர்ந்தாள்: "முழுசா இல்ல. கிணத்தைச் சுத்தி ஒரு கால் ஏக்கர் வெச்சுக்கிட்டுக் குடுத்திருப்பேன். அது போதும் எனக்கு. ஊருக்கும் ஒண்ணும் குறைஞ்சிருக்காது."

மகள் பொத்தானைத் தைத்து நூலைப் பல்லால் கடித்தாள்.

"இதை அப்பாகிட்டச் சொல்லியிருக்கலாமேம்மா."

"அவரு கேட்டாதானே சொல்றதுக்கு?" என்று அம்மா திரும்பினாள். கண் கலங்கியிருந்தது, குரல் கலங்கவில்லை. "ஏதாவது பேச வருவார். பக்கத்துல வந்து உக்காருவார். தொண்டையைச் செருமுவார். அப்புறம் 'குடிக்கத் தண்ணி குடு'ம்பார். எத்தனை டம்ளர் தண்ணி குடிச்சிருப்பார் தெரியுமா அந்த மனுஷன்."

மகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மாவும் சிரித்தாள். சிரித்தபடியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். அப்புறம்தான் அழுதாள். மகள் அம்மாவின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். கடைசியாக எப்போது அப்படிச் செய்தோம் என்று யோசித்துப் பார்த்தாள். ஞாபகம் வரவில்லை.

கொஞ்சம் ஆறிய பிறகு அம்மா சொன்னாள்: "அங்கேயே வைங்க. நான் வரேன். மைக்குல பேசறவங்கல்லாம் பேசி முடிச்சப்புறம் வந்து கூப்பிடு. என்னைப் பத்தி யாரும் ஒரு வார்த்தை பேசக்கூடாது. அந்த விசில்காரத் தம்பிகிட்டக் கண்டிப்பாச் சொல்லிடு. அவன் உணர்ச்சிவசப்பட்டா நிறுத்த மாட்டான்."

காலையில் பந்தல் கால் நட்டுக்கொண்டிருந்த இடத்துக்கே போய் மகள் அதைச் சொன்னாள். விசில்காரர் கயிற்றை முடிச்சுப் போடுவதை நிறுத்தினார்.

"அக்கா வர்றாங்களா?"

"வர்றாங்க. பேச்சு முடிஞ்சப்புறம். நிலத்தைப் பத்திப் பேசும்போது அவங்க பேரை இழுக்க வேண்டாம்."

அவர் அவளை ஒரு மாதிரி பார்த்தார். "அது அவங்க நிலம்னு எனக்குத் தெரியும்மா. பத்திரத்துல சாட்சிக் கையெழுத்துப் போட்டது எங்கண்ணன்தான்."

"உங்களுக்குத் தெரியுமா?"

"என் வயசுல இருக்கற யாருக்குத் தெரியாது?"

"தெரிஞ்சும் ஒருத்தர்கூடவா..."

"அப்ப எங்களுக்கு இடம் வேணும்மா. வேணும்ங்கறப்போ யாரு துருவித் துருவிக் கேக்குறா?" கயிற்றை மறுபடி எடுத்தார். "மைதானத்து வாசப் பலகைல உங்கப்பா பேரு எழுதினது நான்தான். எழுதும்போது கை கூசுச்சு. கூசினாலும் எழுதிட்டேன்."

மகளுக்குக் கோபம் எழுந்தது; அது யார்மேல் என்று அவளுக்கே பிடிபடவில்லை. இந்த மைதானத்தில் காலடி மண் பறக்க ஓடியவள் அவளும்தானே.

பத்து மணிக்குக் கூட்டம் நிறைந்துவிட்டது. பந்தலுக்கு வெளியே வெயிலிலும் நின்றார்கள். கூடாரத்தில் இருந்த அறுபது குடும்பத்தில் மிச்சமிருந்தவர்கள் வந்தார்கள். நர்சம்மா பேசினார். தலைமையாசிரியரின் மகன் பேசினார். விசில்காரர் மைக்கைப் பிடித்துக்கொண்டு, "இந்த இடம் இல்லேன்னா நாம இன்னிக்கும் அந்தப் படகுத்துறைப் பலகைமேல நின்னுக்கிட்டிருப்போம்" என்றார். அதற்குமேல் ஏதோ சொல்ல வந்தவர், முதல் வரிசையில் மகளைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

அவள் எழுந்து போய் அம்மாவைக் கூட்டி வந்தாள். கடலோரமாகச் சுற்றாமல் இருவரும் நேர்வழியிலேயே வந்தார்கள். வாயிலில் அம்மா ஒரு கணம் நின்றாள். பெயர்ப் பலகையை நிமிர்ந்து பார்க்கவில்லை, கீழே தரையைப் பார்த்தாள். மகள் கை நீட்டினாள். அம்மா அதைப் பிடிக்காமல் தானே உள்ளே வந்தாள்.

யாரும் சொல்லாமல் கூட்டம் எழுந்து நின்றது. நாற்காலிகள் உரசும் சத்தம் வெகுநேரம் கேட்டது. அம்மா யாரையும் பார்க்காமல் நேரே பெட்டியருகே போனாள். வெள்ளைச் சட்டையின் காலரை நேராக இழுத்துவிட்டாள். குனிந்து அவர் காதோரமாக ஏதோ சொன்னாள். பக்கத்தில் நின்ற மகளுக்குக்கூட அது கேட்கவில்லை.

நிமிர்ந்து சுற்றிலும் பார்த்தாள். எதையோ தேடுகிறாள் என்று தெரிந்தது.

"கிணறு எங்கே இருந்துச்சு?" என்று மெதுவாகக் கேட்டாள். "எல்லாத்தையும் ஒரே மட்டமா ஆக்கிட்டாங்க. ஒண்ணும் தெரியலையே."

மகளுக்கும் தெரியவில்லை. விசில்காரர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார்.

"அதோ அந்தக் கோல்கம்பத்துக்குப் பின்னாலக்கா. மூடினது நான்தான். சின்னக் குழந்தை ஒண்ணு எட்டிப் பாத்துச்சு, அதனால..."

"மூட வேண்டியதுதான்" என்றாள் அம்மா.

பெட்டியை மூடித் தூக்குவதற்குத் தோள் மாற்று ஆட்களைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அந்த இடைவெளியில் அம்மா கோல்கம்பம் வரை நடந்தாள். மகளும் கூடப் போனாள். அங்கே புல் மற்ற இடத்தைவிடக் கொஞ்சம் கரும்பச்சையாக இருந்தது. அம்மா அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நீ எங்கேர்ந்து ஓடுவே?" என்று கேட்டாள்.

மகளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் கையைத் தூக்கிக் காட்டினாள். "அந்த மூலைலேர்ந்து. இங்க வரைக்கும்."

அம்மா அந்த மூலையைப் பார்த்தாள். அங்கிருந்து கண்ணாலேயே அளந்துகொண்டு வந்தாள்.

"இவ்வளவு தூரமா? செருப்போடவா?"

"வெறுங்காலோட."

"அந்த மூலைல முள்ளு இருந்திருக்குமே. நான் வெட்டாம விட்டுட்டேன்."

"இருந்துச்சும்மா" என்றாள் மகள்.

இடுகாடு மேட்டின் மேலே. அம்மாவுக்கு முழங்கால் ஏறாது. "நீ போயிட்டு வா, நான் இங்கேயே இருக்கேன்" என்று பந்தலுக்குள் ஒரு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள். ஊர் மொத்தமும் பெட்டியின் பின்னால் ஏறியது.

அடக்கம் முடிந்து மகள் இறங்கி வரும்போது பந்தலைப் பிரித்துவிட்டிருந்தார்கள். பள்ளிக்கூடத்து வேலையாள் நாற்காலிகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கித் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார். மைதானத்தின் நடுவே ஒரே ஒரு நாற்காலி பாக்கியிருந்தது. அதில் அம்மா. வெயில் நேராக அவள் தலைமேல் விழுந்துகொண்டிருந்தது.

வேலையாள் கயிற்றைப் போட்டு இறுக்கினார். அந்த நாற்காலிப் பக்கம் இரண்டடி வைத்தார். பிறகு திரும்பி வந்து, இருந்ததை மட்டும் தள்ளிக்கொண்டு வாயிலைத் தாண்டிப் போய்விட்டார்.